ஓட்டைக்காரர் வீடு

பம்பாயில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நானும் ஆளுயரக் கண்ணாடிகள் வரிசையாக மாட்டிய கடை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தாதரில் ரயிலை விட்டு இறங்கினேன். தாராவியில் டாக்சி நின்ற இடத்தில் தகரக் கூரை போட்ட நீள அறை ஒன்று இருந்தது. முன்பாதியில் சுவரோடு சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகள், ஒரு மர மேசை, அதன்மேல் ஒரு டிரில் மிஷின். பின்பாதியில் திரை மறைவில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். அவ்வளவு கண்ணாடி இருந்த வீட்டில் முகம் பார்க்க ஒரு துண்டு கிடையாது. மறுநாள் வாயைத் திறந்து கேட்ட பிறகுதான் ஒன்று வந்தது.

அவருடைய முக்கியமான வேலை மீன்தொட்டி செய்வது. அறுபதுகளில் பம்பாயில் மீன் வளர்ப்பது ஒரு பைத்தியமாகப் பரவிக்கொண்டிருந்தது. டாக்டர் காத்திருக்கச் சொல்கிற அறை, ஈரானி ஹோட்டலின் கல்லாப் பக்கம், மாட்டுங்கா மாடி வீட்டு ஹால் என்று எங்கே போனாலும் நாலு மீன் நீந்திக்கொண்டிருக்கும். இரும்புச் சட்டம் அடித்து, அடியிலும் நாலு பக்கமும் கண்ணாடி பதித்து, இடுக்கில் புட்டி என்கிற பசை மாவு வைத்து அடைத்தால் தொட்டி. அதைப் பலரும் செய்தார்கள். ஆனால் அடிக்கண்ணாடியில் ஓட்டை போட்டுப் பித்தளைக் குழாய் வைத்து, அழுக்குத் தண்ணீரைத் திருகித் திறந்துவிடுகிற மாதிரி செய்ய எங்கள் பக்கத்தில் அவர் ஒருவரால்தான் முடிந்தது. மற்றவர்கள் டிரில்லை வைத்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அதனால் செம்பூர், காட்கோபர், பாண்டுப் என்று எங்கிருந்தெல்லாமோ ஓட்டைக்காகவே ஆட்கள் வந்தார்கள். தமிழர்கள் எங்களை ‘ஓட்டைக்காரர் வீடு’ என்றார்கள். இந்திக்காரர்களுக்கு அவர் ‘காஞ்ச்வாலா அண்ணா’, அதாவது கண்ணாடிக்கார அண்ணன். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், உங்கள் மாப்பிள்ளை சுகமாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதுவேன். அம்மா அதைத் தெருவெல்லாம் வாசித்துக் காட்டினாளாம்.

நான் வந்த புதிதில் செம்புக் குழாய்தான். டிரில்லின் வாயில் ஒரு துண்டுச் செம்புக் குழாயை மாட்டி, சாணை பிடிக்கிற எமரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்து, அரைத்து அரைத்துத்தான் ஓட்டை போடுவார். ஒரு ஓட்டை விழுவதற்குள் நான் உலை வைத்துச் சோறு வடித்து மீன்குழம்பும் கூட்டி இறக்கிவிடுவேன். பிறகு, துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கப்பல் ஆள் மூலமாக ஒரு வெளிநாட்டுக் குழாய் வாங்கித் தந்தார். விளிம்பு முழுக்க வைரத் தூள் பதித்தது. இவர் அதைப் பொட்டலம் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“வைரம், பாத்துக்க.”

மினுமினுப்பு ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது.

“கல்யாணத்தப்போ ஒரு சோடி வைரத் தோடு கேட்டேன். பதில் சொல்லாமச் சிரிச்சிய. இதத்தான் மனசுல வச்சிருந்தியளோ?” என்றேன்.

“தோட்ட வச்சு ஓட்டை போட முடியுமாட்டி?” என்றார். அதிகம் பேசாத மனிதர்தான். ஆனால் எப்போதாவது இப்படி ஒன்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்.

வைரக் குழாய் வந்த பிறகு, தேத்தண்ணீர் கொதித்து இறங்குகிற நேரத்தில் ஓட்டை விழுந்தது. ஆனால் அதற்குத் தண்ணீர் நிற்காமல் வேண்டும். ஒரு நிமிஷம் காய்ந்தாலும் சூடேறிக் கண்ணாடியும் போகும், குழாயும் போகும். ஒரு கை டிரில்லின் கைப்பிடியில், ஒரு கை கண்ணாடியில் என்று இருக்கிறவர் தண்ணீரை எந்தக் கையால் ஊற்றுவார்? அப்படித்தான் நான் தொழிலுக்குள் வந்தேன்.

மேசைமேல் கோணிச் சாக்கை மடித்து விரித்து அதன்மேல் கண்ணாடியை வைப்போம். ஓட்டை விழ வேண்டிய இடத்தைச் சுற்றி நான் புட்டியை உருட்டி வரப்பு கட்டுவேன். அதற்குள் தண்ணீர் நிற்கும். அவர் வாய்க்குள் “ஸ்தோத்திரம்” என்று சொல்லிக்கொண்டு சுவிட்சைத் தட்டுவார். மிஷின் ஓடும்போது பேசக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஏனென்றால் வேலை முழுக்கச் சத்தத்தில் இருந்தது. குழாய் கண்ணாடியைத் தொட்டதும் பல் கூசுகிற மாதிரி ஒரு கிரீச்சல். கடித்துப் பிடித்துக்கொண்டால் சத்தம் இறங்கி ஒரே சீராகும். கண்ணாடித் தூள் கரைந்து தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்துக்கொண்டு வரும். நான் சொம்பைச் சாய்த்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருப்பேன். பாதியில் சத்தம் லேசாக மாறும். உடனே நிறுத்தி, கண்ணாடியைப் புரட்டிப்போட்டு, மறுபக்கமிருந்து மிச்சத்தை எடுப்பார். ஒரே பக்கமாக அழுத்தித் துளைத்தால் கடைசி நூலிழையில் ஓட்டையின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். குழாய் மழுங்கினால் செங்கல் துண்டு ஒன்றில் நாலு சுற்று ஓட்டுவார். மறுபடி கடிக்க ஆரம்பிக்கும்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. நான் காட்கோபரில் ஐந்தாவது மாடியில் இருக்கிறேன். சமையலறைக் குழாய் திறந்தால் தண்ணீர் வருகிறது, எதற்கும் குறை இல்லை. இருந்தும் மனசு போய் நிற்கிற இடம் அந்தத் தகரக் கூரை அறைதான். மழை கூரையில் அடிக்க, பக்கத்தில் தோல் கிடங்கின் வாடை அடிக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒரு கைக்குட்டை அகலத்துக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்போம். அவருடைய காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவேன். வாயாடி என்று ஊரில் பெயர் வாங்கியவள் நான். அந்தப் பேச்சில்லாத நேரத்தைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை அப்படி நிற்க முடியுமென்றால் ஐந்து மாடியையும் நடந்தே இறங்கிப் போவேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு வினையாக வந்தது ஒரு கப்பல் கண்ணாடி. தாருக்கானாவில் பழைய கப்பல்களை உடைத்து இரும்பும் மரமும் விற்பார்கள். அங்கே ஒரு சன்னல் கண்ணாடி கிடைத்தது என்று தோளில் சுமந்துகொண்டு வந்தார். விரல் தடிமன். கீறல் இல்லை. செம்பூரில் ஒருவர் கேட்டிருந்த தொட்டியின் அடிக்கு அளவெடுத்தது போல இருந்தது.

“யானை ஏறுனாலும் ஒடையாது பாரு” என்று அதைத் தட்டிக் காட்டினார்.

எந்தக் கண்ணாடியையும் முதலில் வெட்டுவோம், பிறகுதான் ஓட்டை. அளவு சரியாக அமைந்ததால் அதை வெட்டவே இல்லை. வெட்டிப் பார்த்திருந்தால் வெட்டுப்படாது, இது வேறு ஜாதி என்று தெரிந்திருக்கும். அந்த மாதிரிக் கண்ணாடியைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கியிருப்பார்கள். கல்லால் அடித்தாலும் தாங்கும், துளைக்க மட்டும் விடாது. இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்று அவர் ஸ்தோத்திரம் சொன்னார், நான் சொம்பைச் சாய்த்தேன், சத்தம் சீராக இறங்கியது. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி முழுசும் கல்கண்டு கல்கண்டாகச் சிதறி அறையெங்கும் பறந்தது. அவர் நெற்றியிலும் முன்கையிலும் ரத்தம். எனக்குத் தலைமுடிக்குள் ஒரு வாரம் கண்ணாடி வந்துகொண்டிருந்தது. ஆண்டவர் கிருபையில் இரண்டு பேருக்கும் கண் தப்பியது.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. பதினோராவது நாள் டிரில்லைப் பிடித்தார். குழாய் கண்ணாடியைக் கடிப்பதற்கு முன்னால் வழுக்கி ஓடியது. ஓட்டை பாதியில் இருக்கும்போது கண்ணாடி டப்பென்று விரிந்தது. கண்ணாடி சரியில்லை என்றார். அடுத்ததும் போயிற்று. கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார். மூன்றாவதும் போனபோது, “வெடிச்சதுலேருந்து எனக்குக் கண்ணு கூசுதுட்டி, வட்டம் சரியாத் தெரிய மாட்டேங்குது” என்றார்.

நான் நின்றது அவருடைய கைக்கு நேர் எதிரே. கைப்பிடியில் வலதுகை நடுங்கியதை மூன்று தடவையும் பார்த்தேன். மிஷின் அதிர்வில்லை, கைதான். என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடுகிற எனக்கு அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கைக்கு இருந்த பெயர் அப்படி. ஊரில் கடைக்குட்டியாக யாரும் மதிக்காமல் இருந்துவிட்டு, பம்பாய் வந்து அந்தக் கையால்தான் அவர் மனுஷன் ஆனார். கை நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் யார் நம்பிக் கண்ணாடியைக் கொடுப்பார்கள்? அவருக்கும் அந்தப் பயம்தான், எனக்கும் அந்தப் பயம்தான்.

“உங்களுக்குக் கண்ணுதான கூசுது? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. நான் டிரில்லு புடிக்கேன், நீங்க தண்ணி ஊத்துங்க” என்றேன்.

“பொம்பள டிரில்லு புடிக்கான்னா கடைக்கு எவன் வருவான்?”

“கதவச் சாத்திக்கிட்டுப் புடிக்கேன்.”

சாத்திக்கொண்டோம். முதல் ஓட்டையை நான் போட்டு முடித்தபோது என் உள்பாவாடைவரை நனைந்திருந்தது. அவர் வெட்டுண்ட வட்டத் துண்டை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டார். அன்று முதல் டிரில் என் கையில், சொம்பு அவர் கையில். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, காஞ்ச்வாலா அண்ணா தொழில் ரகசியத்தைக் காட்டமாட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. தொட்டி வாங்க வருகிறவர்கள் ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அவரைப் புகழ்வார்கள். ஈரானி ஹோட்டல்காரர் ஒருவர், “அண்ணா, தேரா ஹாத் சோனேகா ஹை” என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டார். உன் கை தங்கக் கை என்கிறார். இவர் தரையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். திரைக்குப் பின்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று என் கையில் அகப்பட்ட பாத்திரமெல்லாம் இரண்டு பங்கு சத்தம் போட்டது.

“நாந்தான் போட்டேன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவும்?”

“சொன்னா, நீ ஏன் போடலன்னு கேப்பான்.”

“கண்ணு கூசுதுன்னு சொல்ல வேண்டியதுதான?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். பாவி நான், பொய் என்று தெரிந்தே அதைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தேன். கூலி கேட்டாலாவது கேட்டேன் என்று இருக்கும், பெயரைப் போய் எத்தனை தடவை கேட்பது? இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

ஒரு காலை மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் ஆபீசராக இருந்து ரிடையரானவர். கைவண்டியில் பழைய தொட்டி ஒன்றை ஏற்றி, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருந்தார். கண்ணாடியும் சட்டமும் சீமையிலிருந்து வந்தவை.

“எங்கப்பா வாங்கினது. உடைஞ்சா இந்த மாதிரி வேற கெடைக்காது. ரப்பர் டியூப்பை வாயில வச்சு உறிஞ்சி உறிஞ்சித் தண்ணி மாத்தறேன். மீன் குடிக்கற தண்ணியில பாதி என் வயித்துக்குத்தான் போறது” என்றார். “அடியில ஒரு குழாய் வச்சுக் குடுங்கோ. ஆனா என் கண்ணு முன்னாடி பண்ணணும். கதவெல்லாம் சாத்தப்படாது.”

இவர் அடிக்கண்ணாடியின் ஓரத்தில் புட்டி உதிர்ந்த இடத்தைப் பார்த்தார். கையால் வெட்டிய ஓரம்தான், கப்பல் ஜாதி இல்லை, துளைக்கலாம் என்றார். ஆனால் கூட நின்று பார்க்கக் கூடாது என்றார். “அப்போ எடுத்துண்டு போயிடறேன். பூட்டின ரூமுக்குள்ள எங்கப்பா தொட்டியைக் குடுத்துட்டு நான் வெளில நிக்கமாட்டேன்” என்றார் பெரியவர். அதே வாரம்தான், நின்று பார்ப்போம் என்று பிடிவாதம் பிடித்த இரண்டு பேரை மிஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தோம். பெரியவரையும் அனுப்பினால் அப்புறம் யார் வருவார்கள்? என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லட்டும்?

“சரி, நில்லுங்க” என்று பெரியவரிடம் சொன்னார்.

தொட்டியைக் கவிழ்த்து மேசையில் ஏற்றினோம். தொட்டிக்குள் மிஷின் இறங்காது என்பதால் அதைப் புரட்டி மறுபக்கம் துளைக்க வழியில்லை. அதனால் கவிழ்ப்பதற்கு முன்பே உள்பக்கம் ஓட்டை விழுகிற இடத்தில் மெழுகை உருக்கி ஒரு கழிவுக் கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தோம். அப்போதுதான் ஓரம் பெயராது. புட்டி வரப்பு கட்டினேன். கட்டி முடித்து நிமிர்ந்தால், அவர் டிரில்லின் முன்னால் போய் நின்றிருந்தார். வேறு வழி தெரியாமல் சொம்பை எடுத்தேன்.

குழாய் கண்ணாடியைத் தொட்டதும் வழுக்கியது. நக நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பெரியவர் “ஐயோ” என்றார். இவர் கைப்பிடியை உயர்த்தினார். சுவிட்சை அணைத்தார். அறை ஒரேயடியாக அமைதியானது.

“அய்யா, என் கை நடுங்குது.”

“சித்த உக்காந்துட்டுப் பண்ணுங்கோளேன், அவசரமில்லை” என்றார் பெரியவர். நல்ல மனிதர்.

“இன்னைக்கு வந்த நடுக்கம் இல்ல அய்யா. ஒரு வருசமா இருக்கு. ஒரு வருசமா இந்தக் கடையில விழுந்த ஓட்டையெல்லாம் இவ போட்டது. நான் தண்ணி ஊத்துதவன்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார், நனைந்த சேலையைப் பார்த்தார். “இவாளா?” என்றார்.

“ஒங்க தொட்டி, ஒங்க இஷ்டம். ஆனா இவளவிட நல்லாப் போடுத ஆளு பம்பாயில கெடைக்க மாட்டான்.”

நான் ஒரு வருஷமாகக் கேட்கத் தவித்த வார்த்தை அது. அதற்கு மேலேயே ஒரு பங்கு சேர்த்துச் சொல்லிவிட்டார். காதில் விழுந்ததும் சந்தோஷமே வரவில்லை. ஏன் சொன்னீர்கள், யார் உங்களைச் சொல்லச் சொன்னது என்று கத்தவேண்டும் போல இருந்தது. எனக்குப் பெயர் கிடைக்க அவர் தன் கையையே விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் கலங்கினால் வட்டம் தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரிம்மா, பண்ணு” என்றார்.

கைப்பிடியைப் பிடித்தேன். அவர் சொம்போடு என் எதிரே வந்து நின்றார். நடுங்கிய கை ஊற்றிய தண்ணீர் வரப்புக்குள்ளும் விழுந்தது, என் முழங்கையிலும் விழுந்தது, பெரியவர் வேட்டியிலும் தெறித்தது. குழாய் காயவே இல்லை. சத்தம் இறங்கிச் சீரானது, பிறகு மெலிந்தது. நான் கையைக் காற்றுப்போல வைத்தேன். வட்டத் துண்டு ஒட்டியிருந்த மெழுகோடு கழன்று வந்தது. பெரியவர் குனிந்து ஓட்டையின் ஓரத்தை ஒரு சுற்று தடவினார். எங்கும் விரல் தட்டவில்லை. அந்த வெள்ளைக் கீறலையும் ஒரு தடவை தடவினார். “இது மணலுக்கு அடியில போயிடும், போறது” என்றார். பித்தளைக் குழாயை மாட்டி, தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்த்து, கைவண்டியில் ஏற்றிவிட்டோம். வந்த மாதிரியே தொட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

மதியம் சோறு வடித்தேன். அந்த ஒரு வருஷமும் அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. “நீ சாப்புடு, நான் பொறவு போட்டுக்கிடுதேன்” என்பார். நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்துத் தட்டை எடுத்துக்கொள்வார். வேலை மும்முரம் என்று நானும் விட்டுவிட்டேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. அன்று நான் கூப்பிடாமலே வந்து எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டை வைத்துச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதிச் சோறு மடியில் சிந்தியது. நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தட்டை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வாயை எடுத்தார். அதுவும் சிந்தியது.

“ஏட்டி, இன்னுங் கொஞ்சம் சோறு வையி” என்றார்.

வைத்தேன். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.